ஒரே சட்டையில் இரண்டு கார்

ஒரு காருக்கு நிழல் இருப்பது இயற்கை. அந்த நிழல் தனியாக ஊர் சுற்ற ஆரம்பித்தால்தான் சிக்கல்.

"என் வண்டி என்னை விட்டுட்டு எங்கெங்கேயோ போயிட்டு வருது சார்" என்றார் பல் டாக்டர்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த துப்பறிவாளர் தலையை இடது பக்கம் சாய்த்தார். பிறகு வலது பக்கம். யார் எதைச் சொன்னாலும் இப்படி இரண்டு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்த்த பிறகே வாய் திறப்பார் என்பதால் அவருக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருமான வரிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

"டிரைவர் வெச்சிருக்கீங்களா டாக்டர்?"

"இல்ல. நான் மட்டும்தான் ஓட்டறேன். போன வாரம் எங்க நர்ஸ், 'என்ன மேடம், நேத்து அணைக்கட்டு ரோட்டுல உங்க வண்டி நின்னுச்சே'ங்கறா. அவ சொன்ன அன்னிக்கு நான் கிளினிக்ல ஒரு கடைவாய்ப் பல்லோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு பேஷன்ட் அதையே சொன்னார். கடைசியா எங்க சித்தி. அவங்க ஃபோட்டோவே எடுத்துட்டாங்க."

போனை நீட்டினார். படத்தில் வறண்ட சாலை, தூரத்தில் நீர்ப்பரப்பு. நடுவில் ஒரு மின்சாரக் கார், மழையில் நனைந்த இலையின் கரும்பச்சை நிறத்தில், பளபளப்பில்லாமல். முன் சக்கரத்தில் தொடங்கிய செம்புக் கோடு ஒன்று கதவுகளைக் கடந்து, பின்பக்கம் போனதும் ஒற்றைப் புருவத்தைத் தூக்கியது போல் மேலே ஏறியிருந்தது.

"பச்சைக் கலர்ல வண்டிக்குப் பஞ்சமா மேடம்?" என்றான் ஜன்னலோரம் நின்றிருந்த சில்லறை. தராசின் மனைவிக்குத் தம்பி. அவன் பேச்சில் பெரிய நோட்டு கிடையாது, எப்போதும் கலகலவென்று சில்லறைதான். இந்த அலுவலகத்தில் வேலை கிடைத்தது அக்காவால். நிலைத்தது மட்டும் அவன் கண்களால்.

"இது கம்பெனி கலர் இல்ல தம்பி. கம்பெனி வெள்ளையாத்தான் குடுத்தான். நாள் பூரா வெள்ளையைத்தான் பார்க்கறேன், வீட்டுக்குப் போற வண்டியும் பல்லு மாதிரியே இருக்கணுமா? ஸ்டிக்கர் கடையில உட்கார்ந்து நானே கலர் பார்த்து, அதுமேல பளபளப்பை மட்டுப்படுத்த இன்னொரு ஃபிலிம் ஒட்டச் சொல்லி, அந்தச் செம்புக் கோட்டை நானே பேப்பர்ல வரைஞ்சு குடுத்தேன். உலகத்துல இது ஒண்ணுதான். நம்பரைப் பாருங்க. அதுவும் என்னோடதுதான்."

தராசின் தலை மறுபடி சாய்ந்தது. "வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

டாக்டர் கைப்பையின் வாரை விரலில் சுற்றினார். "நானே போயிட்டு வந்து மறந்துடறேனாம். மூளை டாக்டரைப் பார்க்கலாம்ங்கறார். மூணு பேர் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அதான் அவருக்குத் தெரியாம வந்தேன். எனக்குப் பைத்தியமா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"அவர் என்ன தொழில்?"

"பழைய கார் வாங்கி விக்கிறார். தப்பா நினைக்காதீங்க. பிரிஞ்சுடலாம்னு நான்தான் முதல்ல பேச்செடுத்தேன். அதுக்கப்புறம் ஆளே மாறிட்டார். முன்னெல்லாம் வண்டிக்குச் சார்ஜ் போடறது மட்டும்தான் அவர் வேலை. நேத்து ராத்திரி வண்டியையே எடுத்துட்டுப் போய், உள்ளே மூலைமுடுக்கெல்லாம் சுத்தம் பண்ணி, புது சீட்டு உறை மாட்டி, வெயில் தாங்காதேன்னு கண்ணாடிக்கெல்லாம் கறுப்பு ஃபிலிம் ஒட்டிக் கொண்டாந்து நிறுத்தியிருக்கார். புது வண்டி மாதிரி வாசனை." சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

விலை கேட்காத ஒருவனுக்குக் கடைக்காரன் தானாகவே தள்ளுபடி கொடுத்தால், சரக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தராசு அதைச் சொல்லவில்லை. "இப்ப எங்கே கிளம்பிட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"அணைக்கட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்கூல்ல பிள்ளைங்களுக்குப் பல் பரிசோதனை. அவர்தான் பேசி ஏற்பாடு பண்ணினார்."

"இன்னிக்குப் போகாம இருக்க முடியுமா?"

"பிள்ளைங்க காத்துட்டிருக்குமே சார். சார்ஜ் பாதி இருக்கு. வழியில புதுசா சார்ஜ் போடற இடம் திறந்திருக்காங்களாம், அவர் சொன்னார். அந்த ரோட்டுல போன் எடுக்காது. சாயங்காலம் நானே கூப்பிடறேன்."

சில்லறை கீழே வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தான்.

"வண்டியை நல்லாப் பார்த்தேன் மாமா. அம்சமா இருக்கு. கண்ணாடிதான் சவப்பெட்டி மாதிரி ஒரே கறுப்பு. அந்தம்மா உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினதும் ஆளே காணோம். ஆனா ஸ்டிக்கர் ஒட்டினவனுக்கு ஒரு கும்பிடு போடணும். பின்னாடி சார்ஜ் மூடியில விரலை ஓட்டிப் பார்க்கறேன், இடுக்கே தெரியல. பென்சில்ல கோடு போட்ட மாதிரி அவ்வளவு நைசா இருக்கு."

"கும்பிடு போடத்தான் போறோம். கிளம்பு மாப்ள."

---

ஸ்டிக்கர் கடை ஒரு பெரிய கொட்டகை. கூரை முழுக்கக் குழல் விளக்குகள். ஒரு சிறு சுருக்கம்கூட ஒளிந்துகொள்ள முடியாத வெளிச்சம். கைப்பிடியும் கண்ணாடியும் கழற்றப்பட்ட கார்கள், காது மூக்கு அறுத்த மாதிரி வரிசையாக நின்றன. சூடான பிளாஸ்டிக் வாசனை. சுவரில் நூறு நிறங்களில் ஃபிலிம் சுருள்கள், துணிக்கடையைத் தலைகீழாக மாட்டியதுபோல்.

கடைக்காரரை ஊரே பசை என்றுதான் கூப்பிட்டது. ஒட்டிக்கொண்டால் விடமாட்டார்.

"டாக்டரம்மா வண்டிதானே? என் கையால ஒட்டினது. அதே மாதிரி இன்னொண்ணா? வாய்ப்பே இல்ல சார். ஒரு டிசைன் ஒருத்தருக்குத்தான். அது எங்க கடை நியாயம். வாக்குன்னா வாக்கு."

"அவங்க வண்டியை எப்ப ஒட்டினீங்க?" என்றார் தராசு.

"போன வருஷம் சார்."

"நல்ல வாக்கு" என்று தராசு கழிவுத் தொட்டிக்குள் கைவிட்டு, செம்பு நிற நாடா ஒன்றைச் சுருளோடு எடுத்தார். அதன் முதுகுப் பசை அவர் விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. "போன வருஷத்துக் கழிவு இன்னும் இவ்வளவு ஈரமா இருக்கே?"

"அண்ணன் கடையில குப்பையை வருஷத்துக்கு ஒருதரம்தான் கொட்டுவாங்க போல மாமா" என்றான் சில்லறை. "அதான் கடை இவ்வளவு சுத்தமா இருக்கு."

பசை தன் பணியாளர்களைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "கடைப் பேரு வெளியே வராதுல்ல?"

"நீங்க சொல்றதைப் பொறுத்து."

"கொஞ்சம் சொன்னா?"

"கொஞ்சம் வரும்."

"முழுசாச் சொல்லிடறேன் சார். ஒருத்தர் வந்தார். டாக்டரம்மா வண்டியை நாலு பக்கமும் படம் எடுத்து வெச்சிருந்தார். அச்சு அசலா அதே மாதிரி வேணும்னார். முடியாதுன்னு சொல்லத்தான் நினைச்சு, போனாப் போவட்டும்னு மூணு பங்கு விலையைச் சொன்னேன். பேரம் பேசாமச் சரின்னுட்டார் சார்! எனக்கு ராத்திரி தூக்கமே வரல. நாலு பங்கு சொல்லியிருக்கலாமேன்னு."

"ஆள் எப்படி?"

"வண்டித் தொழில் தெரிஞ்சவர். வந்ததும் பெயிண்டைப் பார்க்கல, தரையில மண்டி போட்டு அடியைப் பார்த்தார். எந்த வண்டியைக் காட்டினாலும் விலை சொல்றார்."

தராசு நாடாவை விரலிலிருந்து உரித்தார். "பழைய கார் விக்கிறவன் அப்பன்கிட்டயே பேரம் பேசுவான். பேசாமக் குடுத்தான்னா, அவன் வாங்க வந்தது ஸ்டிக்கர் இல்ல. உங்க வாயை. சரி, ஒட்டினீங்க. அவ்வளவுதானா?"

"அதோட போயிருந்தா நானும் மறந்திருப்பேன். நேத்து மறுபடி வந்தார் சார். அதான் எனக்கே ஒரு மாதிரி இருக்கு." பசை பக்கத்தில் நின்ற காரின் சார்ஜ் மூடியைத் தட்டிக் காட்டினார். "பாருங்க. மூடியோ கதவோ எதுவா இருந்தாலும், மேல ஃபிலிமை இழுத்து ஒட்டிட்டு, இடுக்குல பிளேடை ஓட்டி வெட்டி, ஓரத்தை உள்ளே மடிச்சு விடுவோம். அப்பத்தான் திறக்கும். இவரு, வெட்டின மூடியை மறுபடி மூடுங்கறார். மேல ஒரே துண்டா ஒட்டணுமாம். மூடி இருக்கிற இடமே தெரியக் கூடாதாம்."

"அப்புறம் சார்ஜ் எப்படிப் போடறதாம்?" என்றான் சில்லறை.

"நானும் கேட்டேன் தம்பி. 'இனிமே தேவைப்படாது'ன்னார்."

கொட்டகையில் எங்கோ ஒரு சூடுகாற்றுக் கருவி ஊதிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"மூடியை ஏன் மறைக்கணும்?" என்றார் தராசு, தனக்குத்தானே கேட்பது போல.

"அது வேற வண்டி சார். பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். ஆனா அது அந்தக் கம்பெனி முதல்முதல்ல விட்டது. அதுல சார்ஜ் மூடி முன்னாடி இடது சக்கரத்துக்கு மேல இருக்கும். டாக்டரம்மாவோடது திருத்தி விட்ட வண்டி, மூடி பின்னாடி வலது பக்கம். அதான் முன்னாடி இருக்கிறதை மறைச்சுட்டு, பின்னாடி மூடி இருக்கிற மாதிரி ஒரு கோடு மட்டும் போடச் சொன்னார். நானே கறுப்பு நூல் ஃபிலிம்ல போட்டேன். தத்ரூபமா வந்துச்சு."

"எதைத் திருத்தி விட்டாங்க?"

"கதவைத்தான். பழைய வண்டியில கதவு கரண்டுலதான் திறக்கும். உள்ளே அவசரத்துக்குக் கையால இழுக்கற பிடியே கிடையாது. பேட்டரி செத்துச்சுன்னா உள்ளே இருக்கிறவன் உள்ளேதான். அதோட பேட்டரி பழசானா பாதி இருக்குன்னு காட்டிட்டே இருந்து, பொசுக்குன்னு படுத்துடும். கம்பெனியே எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்கிட்டான். இவருக்கு எப்படியோ ஒண்ணு கிடைச்சிருக்கு."

"கண்ணாடி?"

பசை சற்றுப் பெருமையாகவே சொன்னார். "உள்பக்கம் திருடன் உடைக்க முடியாத ஃபிலிம், கறுப்புல. நேத்துதான் ஒட்டினேன். சுத்தியலால அடிச்சாலும்..."

முடிக்கவில்லை. சில்லறையின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும் அந்த வாய் திறந்தபடி நின்றது. அவன் தன் வலது கை ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா... காலையில அந்தம்மா வண்டியில, பின்னாடி... நான் தொட்டுப் பார்த்தேன்ல? இடுக்கே இல்லன்னு சொன்னேன்ல?" விரலைச் சட்டையில் துடைத்தான். "அது மூடி இல்ல மாமா. கோடு."

தராசின் தலை எந்தப் பக்கமும் சாயவில்லை.

"ரெண்டாவது வண்டி எங்கேன்னு தேடி வந்தோம்" என்றார். "அது நம்ம வாசல்லதான் நின்னுட்டிருந்திருக்கு. அவங்களே ஓட்டிட்டுப் போயிட்டாங்க."

---

சில்லறை டாக்டரின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் கொஞ்சமும் கவலையில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தது.

பசையின் கடை வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். வெளியூர் வேலைக்குப் போகும் வேன் அது. பின்னால் ஒரு பெரிய பேட்டரிப் பெட்டி, சூடுகாற்றுக் கருவி, ஃபிலிம் சுருள்கள். பசைதான் ஓட்டினார். கடைப் பேரைப் பற்றி இப்போது அவர் கேட்கவில்லை.

"ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டேன் மாமா. ஜீப் ஸ்டார்ட் ஆனதும் வர்றாங்களாம். அவங்களுக்கும் ஒரு மின்சார வண்டி வாங்கிக் குடுத்தா என்ன?" சிரிக்க முயன்றான். வரவில்லை. "ஒண்ணு புரியல. இந்த வண்டியில பிணமாக் கிடைச்சா, எவனாவது போலீஸ்காரன் இது வேற வண்டின்னு கண்டுபிடிக்க மாட்டானா?"

"இதுல கிடைக்க மாட்டாங்க. அவங்க சொந்த வண்டியிலதான் கிடைப்பாங்க." தராசு சாலையைப் பார்த்தபடி சொன்னார். "இது நின்னதும் வெயில் தன் வேலையை முடிக்கட்டும்னு காத்திருப்பான். அப்புறம் அசல் வண்டியை ஓட்டிட்டு வருவான். கதவைத் திறந்து ஆளை இதுல இருந்து அதுக்கு மாத்துவான். இதை அணைத்தண்ணிக்குள்ள தள்ளிடுவான். அசல் வண்டியில ஒரு குறையும் இருக்காது. கதவு திறக்கும், சார்ஜ் நிறைய இருக்கும். வண்டி ஓட்டிட்டுப் போன அம்மாவுக்கு வழியில நெஞ்சு நின்னுபோச்சு, அவ்வளவுதான். ஏற்கெனவே மறதி, தலைக்கோளாறுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சாச்சு."

"அப்ப நர்ஸும் சித்தியும் பார்த்தது?"

"ஒத்திகை. பழைய பேட்டரி எந்த இடத்துல படுக்குதுன்னு ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கான். தண்ணி பக்கத்துல இருக்கணும், சரிவா இருக்கணும், ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. கணக்குச் சரியா வந்ததும் நேத்து மூடிட்டான்."

அணைக்கட்டுச் சாலை வந்தது. மரமே இல்லை. வெயில் தார் மேல் தண்ணீர் போல் நெளிந்தது. புதிதாகத் திறந்த சார்ஜ் போடும் இடம் என்று எதுவும் இல்லை. ஒரு சுவர் மட்டும், அதில் கிழிந்த விளம்பரம்.

வளைவு தாண்டியதும் கார் தெரிந்தது.

சாலையோரச் சரிவில், நீரைப் பார்த்தபடி நின்றது. கரும்பச்சை உடல், செம்புக் கோடு, தூக்கிய புருவம். அழகாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

சில்லறை ஓடிப்போய்க் கண்ணாடியில் முகத்தை வைத்தான். கறுப்பு. தட்டினான். பதில் இல்லை. மறுபடி தட்டினான். உள்ளேயிருந்து, மிக மெதுவாக, நகத்தால் சுரண்டுவது போல் ஒரு சத்தம்.

"இருக்காங்க மாமா!"

கல்லை எடுத்து ஓங்கி அடித்தான். கல் திரும்பி வந்து அவன் காலிலேயே விழுந்தது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை.

"உடையாது தம்பி" என்றார் பசை. "நான் ஒட்டினது."

முன்பக்கம் ஓடி, இடது சக்கரத்தருகே மண்டியிட்டார். உள்ளங்கையை வைத்துத் தடவினார். அவர் கைக்கே மூடி இருந்த இடம் சட்டென்று அகப்படவில்லை. தன் வேலையின் நேர்த்தியைத் தானே திட்டிக்கொண்டு, மறுபடி தடவி, பிளேடை வைத்து இழுத்தார். ஃபிலிம் தோல்போல் உரிந்தது. வேனின் பேட்டரிப் பெட்டியிலிருந்து கம்பியை இழுத்துச் செருகினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

"என்னண்ணே?"

"இரு. பொறு."

தொலைவில் அணைநீர் கரையில் மோதும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, நாக்கைச் சொடுக்கியது போல் ஒரு சின்னச் சத்தம். கதவு ஒரு விரல் அளவு வெளியே வந்தது.

அடுப்பைத் திறந்தது போல் காற்று அடித்தது. டாக்டர் புது சீட்டு உறையின் மேல் சரிந்து கிடந்தார். உதடு வெடித்திருந்தது. விரல் நகங்கள் உடைந்திருந்தன. தராசும் சில்லறையும் தூக்கிக்கொண்டு போய், பக்கத்தில் இருந்த பாழடைந்த மோட்டார் அறையின் நிழலில் கிடத்தி, முகத்தில் ஈரத்துணி போட்டார்கள். வெகுநேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார்.

"கதவு திறக்கல" என்றார், குழந்தை புகார் சொல்வது போல.

தராசு சொன்னார். இரண்டாவது வண்டி, மூடி, கோடு, கண்ணாடி, எல்லாவற்றையும். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தலையை ஆட்டினார்.

"அவரா இருக்காது சார்."

"டாக்டர்..."

"அவர்கிட்ட யாரோ இந்த வண்டியை மாத்திக் குடுத்திருப்பாங்க. தொழில்ல எவ்வளவோ எதிரிங்க. அவருக்கு என்மேல கோபம் இருக்கலாம். ஆனா இப்படி... பதினாறு வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம் சார்."

வாங்கினவர் சரக்கைத் திருப்பித் தர மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. அவர் கையாலேயே எடை போட வைக்க வேண்டும். தராசு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"சரி. பந்தயம் வெச்சுக்கலாம். உங்க வீட்டுக்காரர் எப்படியும் வருவார். வேற யாரும் பார்க்கறதுக்கு முன்னாடி வந்தே ஆகணும். வந்ததும் அவர் முதல்ல எங்கே கை வைக்கிறார்னு நீங்களே பாருங்க. பெண்டாட்டியைத் தேடி வந்த மனுஷன் கதவுலதான் கை வைப்பான். கண்ணாடியைத் தட்டுவான், பேரைச் சொல்லிக் கத்துவான். அப்படிச் செஞ்சார்னா உங்க பேச்சு ஜெயிச்சுது. நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

"இல்லேன்னா?"

"அந்த வண்டியில மறைஞ்சிருக்கிற மூடி எங்கே இருக்குன்னு ஒட்டினவருக்குத் தெரியும், ஒட்டச் சொன்னவனுக்குத் தெரியும், இப்ப நமக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. செத்த வண்டிக்கு உயிர் குடுத்துக் கதவைத் திறக்க அது ஒண்ணுதான் வழி. அவர் கை நேரா அங்கே போச்சுன்னா, என் பேச்சு ஜெயிச்சுது."

டாக்டர் ஈரத்துணியை முகத்திலிருந்து எடுத்தார். பிறகு மிகத் தெளிவாகச் சொன்னார். "ஒட்டச் சொல்லுங்க."

"மாமா, வெயில் உங்க எல்லாருக்கும் மண்டையில ஏறிடுச்சு" என்றான் சில்லறை. ஆனால் வேனிலிருந்து பச்சைச் சுருளை அவன்தான் எடுத்து வந்தான்.

பசை கம்பியை உருவிவிட்டு, புதுத் துண்டை விரித்து, சூடு காட்டி, இழுத்து ஒட்டினார். ஒரு காற்றுக் குமிழிகூட விழவில்லை. கதவைச் சாத்தினார்கள். அது மறுபடி செத்தது. வேனை மோட்டார் அறைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சில்லறை போனின் காமிராவைச் சுவர் இடுக்கில் வைத்தான்.

காத்திருந்தார்கள். அணையின் மேல் ஒரு பறவைகூடப் பறக்கவில்லை. டாக்டர் சுவரில் சாய்ந்து, சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். அவர் உதடுகள் அசைந்தன. யாருக்காக வேண்டிக்கொள்கிறார் என்று தராசு கேட்கவில்லை.

இன்ஜின் சத்தமே இல்லாமல் அது வந்தது.

வளைவில் முதலில் தெரிந்தது செம்புக் கோடு. கரும்பச்சை உடல். அதே எண். கண்ணாடிகள் மட்டும் தெளிவாக, உள்ளே ஓர் ஆண் ஓட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. அசல் வண்டி நகலின் அருகே வந்து நின்றது. வெயிலில் ஒரே சட்டை போட்ட இரட்டையர்கள் மாதிரி இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"இவர்தான்" என்று மூச்சுக்குள் சொன்னார் பசை.

"வேற வண்டி கிடைக்காம என் வண்டியில தேடிட்டு வந்திருப்பார்" என்றார் டாக்டர் மெல்ல. அவர் விரல்கள் தராசின் சட்டைக் கையைப் பற்றியிருந்தன.

வந்தவர் இறங்கினார். நல்ல உடை, படிய வாரிய தலை. சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். நின்றிருந்த காரை நோக்கி நடந்தார். ஓடவில்லை.

ஓட்டுநர் கதவை நெருங்கினார். டாக்டரின் பிடி இறுகியது.

கதவைக் கடந்தார். கண்ணாடிப் பக்கம் முகம்கூடத் திரும்பவில்லை. காரை முன்புறமாகச் சுற்றிக்கொண்டு இடது சக்கரத்தருகே போய், கால்சட்டை மடிப்பு கசங்காமல் இழுத்துவிட்டுக்கொண்டு மண்டியிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்தார். தடவிப் பார்க்கவில்லை. தேடவில்லை. வெறும் பச்சையாக இருந்த இடத்தில், பூட்டில் சாவியை வைப்பது போல், முனையை வைத்து அழுத்தினார்.

தராசின் சட்டைக் கையிலிருந்து பிடி தளர்ந்தது.

எழப்போன டாக்டரைத் தடுக்கச் சில்லறை கை நீட்டினான். தராசு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் எழுந்தார். தள்ளாடினார், சுவரைப் பற்றினார், பிறகு சுவரை விட்டார். வெயிலுக்குள் வெறுங்காலோடு நடந்து போய், குனிந்து கிடந்த அந்த முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"கதவு அந்தப் பக்கம் இருக்குங்க" என்றார்.